பண்ணையிலுள்ள கம்பியில்லாக் கருவிகளுக்குப் புவித்தொடுப்பு

முற்காலத்தில் தோட்டத்திலே மின்னலினாற் சேதமடையக்கூடியவை பனையும் தென்னையும், கட்டில் நின்ற மாடுமேயாகும். இன்று நிலை வேறு. வீட்டுக் கூரையின் மேலும், கிணற்றடியில் நாட்டிய குழாய்க் கம்பத்தின் மேலும் கம்பியில்லா இணையத் தொடர்புக்குரிய அன்ரெனாக்கள் காணப்படுகின்றன. மழைமானியும் காற்றுமானியும் பொருந்திய தானியங்கி வானிலைக் கருவிகள், மண்ணின் ஈரத்தை அறியும் உணரிகள், நீரிறைக்கும் மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கும் பெட்டிகள், காவலுக்கான கமராக்கள் முதலியனவும் பல கமக்காரரிடம் உள்ளன. இவை யாவும் திறந்த வெளியில், உயரமான இடத்தில், நீண்ட வடங்களுடன் நிற்பவை. ஆதலால் மின்னல் இவற்றை எளிதிற் சென்றடைகின்றது.

இக்கருவிகள் மிகச் சிறிய மின்னழுத்தத்தில் வேலை செய்பவை. அன்ரெனாவுக்கு வடத்தின் வழியாகச் செல்லும் மின்சாரம் பெரும்பாலும் 24 அல்லது 48 வோல்ற்று மாத்திரமே. ஆயிரக்கணக்கான வோல்ற்று ஒரு நொடியின் சிறு பின்னத்திற்குப் பாய்ந்தாலும் அவை பழுதடையும். கருவியின் விலை ஒருபுறமிருக்க, வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சவேண்டிய நாளில் மோட்டார் இயங்காது நிற்பதும், கம்பத்தருகே நின்றவர் உயிரிழப்பதும் அதனினும் பெரிய நட்டங்களாம். சரியான புவித்தொடுப்பு இவ்விடர்களைப் பெரிதும் குறைக்கும். கிராமங்களில் ‘ஏர்த்’ என வழங்குவது இதுவே.

மின்னல் மிகும் காலம்

இலங்கையில் ஆண்டு முழுவதும் மின்னல் தோன்றக்கூடுமெனினும், இரு பருவப் பெயர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலங்களிலேயே அது மிகுதி. மார்ச்சு, ஏப்ரில் மாதங்கள் ஒரு காலமாகவும், ஒற்றோபர், நவம்பர் மாதங்கள் மற்றொரு காலமாகவும் கொள்ளப்படும். இக்காலங்களிற் காலை வெயிலினால் நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் உயர்ந்த கருமுகில்களாகத் திரளும். ஆகவே பிற்பகலும் மாலையுமே பெரும்பாலும் இடிமுழக்கத்துக்குரிய வேளைகளாம். ஒற்றோபர் மாதம் பெரும்போக விதைப்புக்குரிய காலமாதலால், கமக்காரர் வயலில் நிற்கும் நாட்களும் மின்னல் மிகுந்த நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன.

சேதம் வரும் வழிகள்

மின்னல் கம்பத்தின் மீது நேரே விழுந்தாற்றான் கருவி பழுதாகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. சேதம் நான்கு வழிகளில் வரலாம்.

முதலாவது, மின்னல் கம்பத்தின் மீது அல்லது அன்ரெனாவின் மீது நேரே விழுதல். இது அரிது, ஆயினும் கொடியது.

இரண்டாவது, அயலிலுள்ள மரத்திலோ நிலத்திலோ விழும் மின்னல், தன்னைச் சூழ்ந்த வெளியில் வலிய காந்தப் புலத்தை உண்டாக்குதல். அப்புலம் நீண்ட வடங்களில் மின்னழுத்தத்தைத் தூண்டும். வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத் தீங்கும் கூடும்.

மூன்றாவது, தொலைவில் மின்சாரக் கம்பிகளில் விழுந்த மின்னல் அக்கம்பிகளின் வழியாக வீட்டுக்குள் வருதல். இதனாற் கூரைமேல் ஒன்றும் இல்லாத வீட்டிலும் ரூட்டர் பழுதாகலாம்.

நான்காவது, ஓரிடத்து நிலத்தின் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, வேறோரிடத்து நிலத்தினின்றும் வேறுபடுதல். இதுவே மிகக் குறைவாக விளங்கிக்கொள்ளப்பட்டதும், புவித்தொடுப்புச் செய்த பின்னரும் பலருடைய கருவிகள் பழுதாவதற்குக் காரணமானதுமாகும்.

இரண்டு கோல்களும் ஓர் இணைப்பும்

ஒரு கமக்காரர் தமது வீட்டிலிருந்து 20 மீற்றர் தூரத்திற் கம்பம் ஒன்றை நாட்டி, அதனடியிற் செப்புக்கோல் ஒன்றைப் புதைத்துக் கம்பத்தை அதனுடன் இணைத்திருக்கின்றார் எனக் கொள்வோம். வீட்டு மின்னிணைப்புக்கென வேறொரு கோல் முன்னரே வீட்டருகிற் புதைக்கப்பட்டுள்ளது. இரண்டு கோல்களுக்குமிடையே எவ்வித தொடுப்பும் இல்லை. கம்பத்துக்குப் புவித்தொடுப்பு உண்டு, வீட்டுக்கும் உண்டு. ஆகவே பயமில்லை என அவர் கருதுகின்றார்.

மின்னலின் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 அம்பியர் அளவினதாக இருக்கும். கம்பத்துக் கோலின் தடை 10 ஓம் எனின், மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்க வருவது 300,000 வோல்ற்று. அதாவது, மின்னல் கம்பத்தில் விழும் அக்கணத்திற் கம்பமும் அதனைச் சூழ்ந்த நிலமும் 300,000 வோல்ற்றளவுக்கு உயரக்கூடும். வீட்டருகிலுள்ள கோலோ ஏறக்குறையப் பழைய நிலையிலேயே இருக்கும். இவ்விரண்டுக்குமிடையே உள்ள பெரிய வேறுபாடு தன்னைச் சமப்படுத்த ஒரு பாதையைத் தேடும். அன்ரெனாவிலிருந்து வீட்டு ரூட்டருக்குச் செல்லும் மெல்லிய வடமே அப்பாதையாகும். அன்ரெனா, வடம், ரூட்டர், அதனுடன் தொடுத்த ஏனைய கருவிகள் ஆகியவற்றின் ஊடாக மின் பாய்ந்து வீட்டுக் கோலை அடையும். புவித்தொடுப்பு இருந்தும் யாவும் கருகும்.

கடனீரேரியில் இரண்டு வள்ளங்களை அருகருகே நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு பலகையை ஆணியடித்து வைத்தாற்போன்றது இது. வள்ளங்களைத் தனித்தனியே விட்டால், அலை வரும்போது ஒன்று உயர மற்றது தாழும், பலகை முறியும். இரண்டையும் உறுதியாக ஒன்றோடொன்று கட்டிவிட்டால், இரண்டும் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து தாழும், பலகைக்குத் தீங்கில்லை. மின்கம்பியில் இருக்கும் காகம் சாகாமலிருப்பதும் இக்காரணத்தாலேயே. அதன் இரு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன.

ஆகவே முதலாவது விதி இது: பண்ணை வீட்டிலுள்ள புவித்தொடுப்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைக்கப்படல் வேண்டும். கம்பத்துக் கோலை 16 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்புக் கம்பியினால், நிலத்திற் புதைத்து, வீட்டின் பிரதான புவித்தொடுப்பு முனையுடன் இணைத்தல் வேண்டும். தடையைக் குறைப்பது நன்று. எனினும் தடையை 10 ஓமிலிருந்து 5 ஓமாகக் குறைத்தாலும் 150,000 வோல்ற்று எஞ்சும் என்பதை நோக்குக. யாவற்றையும் ஒருங்கே உயரவும் ஒருங்கே தாழவும் செய்வதே கருவிகளைக் காப்பதாகும்.

நிலத்தில் இணையாத கோலின் ஆபத்து

1752ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் வெளியிட்ட யோசனையைப் பின்பற்றி, பிரான்சு தேசத்தின் மார்லி என்னும் ஊரில் உயர்ந்த இரும்புக்கோல் ஒன்று நாட்டப்பட்டது. முகில் மேலே சென்றபோது அக்கோலிலிருந்து மின்பொறிகள் எழுந்தன. மின்னல் என்பது மின்சாரமே என்பது அதனாற் புலனாயிற்று. அடுத்த ஆண்டாகிய 1753இல், இரசியாவிலுள்ள சென் பீற்றர்சுபேக் நகரில் கெயோர்க் ரிச்மன் என்னும் பௌதிக அறிஞர், முகிலின் மின்னை அளக்கும்பொருட்டுக் கூரையிலிருந்து ஒரு கோலை வீட்டினுள்ளே கொண்டுவந்திருந்தார். அளவிடுதற்காக அக்கோலை நிலத்துடன் இணைக்காமல் வைத்திருந்தார். இடிமழையின்போது அதனருகே சென்ற அவர் அவ்விடத்திலேயே மின்தாக்கி இறந்தார். நிலத்துக்குச் செல்லும் வழி இல்லாத கோல் பாதுகாப்புத் தருவதில்லை. மின்னலை மனிதனிடம் அழைத்து வருகின்றது. புவித்தொடுப்பு இல்லாத கம்பத்தை வீட்டுக் கூரையில் வைத்து, அதன் வடத்தைப் படுக்கையறைக்குட் கொண்டுவருவோர் ரிச்மன் செய்த ஏற்பாட்டையே அறியாமற் செய்கின்றனர்.

கம்பம் நாட்டுதல்

கம்பத்துக்குரிய இடத்தைத் தெரிவு செய்கையில் மூன்று விடயங்களைக் கவனிக்க. ஒன்று, அது வீட்டின் மின் பகிர்வுப் பெட்டிக்கு இயன்றவரை அண்மையில் இருத்தல் வேண்டும். அப்போது இணைப்புக்கம்பி குறுகும். இரண்டு, மாட்டுத் தொழுவத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் அண்மையில் இருத்தல் கூடாது. மூன்று, உயர்ந்த தென்னை, பனை முதலியவற்றை ஒட்டி நாட்டுதல் கூடாது. மரம் மின்னலைத் தாங்கிக்கொள்ளும் எனச் சிலர் நம்புகின்றனர். மரத்தில் விழுந்த மின்னல் பக்கவாட்டிற் பாய்ந்து அருகிலுள்ள உலோகக் கம்பத்தைத் தாக்குதல் உண்டு.

அன்ரெனாவைக் கம்பத்தின் உச்சியில் வைத்தலாகாது. உச்சியில் இருப்பதையே மின்னல் முதலிற் பற்றும். கம்பத்தின் முனை, அல்லது அதன்மேற் பொருத்திய கூரிய உலோகக்கோல், அன்ரெனாவிலும் அரை மீற்றருக்குக் குறையாமல் உயர்ந்து நிற்கட்டும். கம்பத்தைத் தாங்கும் இழுகம்பிகள் உலோகமாயின் அவற்றையும் புவித்தொடுப்புடன் இணைத்தல் வேண்டும்.

இறங்குகம்பி

உச்சியிலிருந்து கோலுக்குச் செல்லும் இறங்குகம்பி தடித்ததாகவும், நேரானதாகவும், குறுகியதாகவும் இருத்தல் அவசியம். மின்னலின் மின்னோட்டம் மைக்ரோசெக்கன் கணக்கில் உயர்வதாகையால், கம்பியின் தடை மாத்திரமன்றி அதன் தூண்டற்றன்மையும் குறுக்கே நிற்கும். நேரான கம்பியில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி தூண்டற்றன்மை உண்டு. மின்னோட்டம் ஒரு மைக்ரோசெக்கனில் 10,000 அம்பியர் உயருமாயின், ஒவ்வொரு மீற்றர் கம்பியிலும் 10,000 வோல்ற்று தோன்றும். கம்பி எவ்வளவு தடித்ததாயினும் இது பெரிதும் குறையாது. ஆதலால் மிஞ்சிய கம்பியைச் சுருட்டி வைத்தல் பெருந்தவறு, மிஞ்சியதை வெட்டிவிடுக. திருப்பவேண்டிய இடத்திற் கூரிய மூலையாக மடிக்காமல், 20 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆரையுடன் வளைத்துச் செல்க. கூர்மையாக மடிந்த இடத்தில் மின்னல் கம்பியை விட்டுப் பாயக்கூடும்.

கோல் புதைத்தல்

செப்புப் பூசிய உருக்குக்கோல், 2.4 மீற்றர் நீளமுடையது, ஈரமான ஆழத்தை அடையும்வரை நிலைக்குத்தாக அடிக்கப்படல் வேண்டும். ஒரு கோல் போதாதவிடத்து இரண்டாவது கோலை அடித்து, இரண்டையும் வெறுங்கம்பியால் இணைக்க. இரு கோல்களுக்கும் இடைத்தூரம் கோலின் நீளத்துக்குக் குறையாதிருக்கட்டும். நெருக்கமாக அடித்த கோல்கள் ஒரே மண்ணைப் பங்கிட்டுக்கொள்வதாற் பயன் குறையும்.

மண்ணின் தன்மையை நோக்கி முறையை மாற்றுதல் வேண்டும். களிமண்ணும் வயலடி ஈரமண்ணும் மின்னை நன்கு கடத்தும். மன்னாரிலும் கிழக்குக் கரையோரத்திலுமுள்ள உலர்ந்த மேல்மணல் நன்கு கடத்தாது. அங்கு கோல் ஈரமட்டத்தை எட்டுதல் இன்றியமையாதது. வலிகாமத்துச் செம்மண் நிலங்களிற் பல இடங்களிற் சுண்ணாம்புக்கல் ஆழங்குறைந்த மட்டத்திலேயே தட்டுப்படும். கோல் இறங்கவில்லையென அதனைப் பாதியில் வெட்டிவிடுவோர் உளர். இது தவறு. அவ்விடங்களில் முக்கால் மீற்றர் ஆழமான அகழியை 6 மீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு வெட்டி, வெறுஞ் செப்புக்கம்பியையோ நாகமுலாம் பூசிய உருக்குப் பட்டையையோ கிடையாக இட்டு, நல்ல மண்ணால் மூடி இறுக்குக.

குழியிற் கறியுப்பு இடும் வழக்கம் விரும்பத்தக்கதன்று. உப்பு சில மழைகளிற் கரைந்து நீங்கும்; நிற்கும்வரை உலோகத்தை அரிக்கும்; அயலிலுள்ள பயிரின் வேரையும் கெடுக்கும். பெந்தனைற்றுக் களிமண் ஈரத்தை நெடுங்காலம் பிடித்து வைப்பதால் அதுவே ஏற்றது. கம்பியைக் கோலுடன் முறுக்கிக் கட்டாது, அதற்குரிய கவ்வியினால் இறுக்குதல் வேண்டும். அலுமினியத்தையும் செப்பையும் நேரடியாக ஒன்றுசேர்த்தலாகாது. ஈரத்தில் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும்.

வடங்களும் மின்னெழுச்சித் தடுப்பான்களும்

புவித்தொடுப்புக் கம்பத்தின் மின்னை நிலத்துக்கு அனுப்புமேயன்றி, வடத்தினுள்ளே தூண்டப்படும் மின்னைத் தானாக நீக்காது. அதற்கு மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். இது சாதாரண வேளையில் மூடிய மடைபோல் நின்று, மின்னழுத்தம் அளவு கடந்தவுடன் திறந்து, மிகுதியைப் புவித்தொடுப்புக்குத் திருப்பிவிடும். குளத்தின் வான்கதவு வெள்ளத்தை வெளியேற்றுவது போன்றது இதன் தொழில். வான்கதவுக்கு வாய்க்கால் இல்லாவிடின் பயனில்லாதவாறே, புவித்தொடுப்புடன் இணையாத தடுப்பானும் பயனற்றது.

வடம் வீட்டினுள் நுழையும் இடத்தில் ஒன்றும், அன்ரெனாவின் அருகில் ஒன்றுமாக இரண்டு தடுப்பான்கள் வேண்டும். மின் பகிர்வுப் பெட்டியிலும் ஒன்றைப் பொருத்துதல் நன்று. வீட்டுக்குள் வரும் வடங்கள் யாவும் ஒரே இடத்தால் நுழைந்து, ஒரே புவித்தொடுப்புப் பட்டையுடன் தொடர்புறுமாறு அமைத்தல் சிறந்தது. வெளியிற் செல்லும் வடம் உலோக உறை பொருந்தியதாக இருத்தலும், அவ்வுறை புவித்தொடுப்புடன் இணைந்திருத்தலும் வேண்டும். ‘ட்ரிப் சுவிச்’ எனப்படும் ஆளி மனிதரை மின்கசிவிலிருந்து காப்பதற்குரியது. மின்னலிலிருந்து கருவியைக் காக்காது.

கிணற்றடி மோட்டார்க் கொட்டில் வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இருப்பின், இரண்டுக்குமிடையே செப்பு வடம் இடுதல் நல்லதன்று. அங்கு ஒளியிழை வடம் இடுக. கண்ணாடி மின்னைக் கடத்தாதாதலால் ஒரு நிலத்தின் மின்னழுத்தம் மறு நிலத்துக்குச் செல்லாது. உலோகக் கம்பி பொதிந்திராத வடத்தையே வாங்குக. அன்றேல், சிறிய சூரியப் படலையும் மின்கலத்தையும் கொண்டு அங்குள்ள கருவியைத் தனியே இயக்கி, கம்பியில்லா முறையிலேயே தொடர்பு கொள்ளலாம்.

மனிதரும் கால்நடையும்

மின்னல் நிலத்தை அடைந்ததும் நாலாபுறமும் பரவும். கோலுக்கு அருகில் மின்னழுத்தம் மிகுதி. விலக விலகக் குறையும். முன்காலும் பின்காலும் ஒரு மீற்றருக்கு மேல் அகன்று நிற்கும் மாட்டின் கால்களுக்கிடையே இவ்வேறுபாடு பெரிதாக, மின் அதன் உடலினூடாக, இருதயத்தின் வழியே பாயும். மனிதர் உயிர்பிழைக்கும் இடத்தில் மாடுகள் இறத்தற்கு இது காரணம். கம்பத்திலோ, இழுகம்பியிலோ, கம்பிவேலியிலோ மாட்டைக் கட்டுதல் ஒருபோதும் கூடாது.

மின்னலைக் கண்டபின் இடியோசை 30 செக்கனுக்குள் கேட்குமாயின், மின்னல் ஏறக்குறையப் 10 கிலோமீற்றருக்குள் உள்ளது. உடனே வயலை விட்டு வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ செல்க. காவற் குடிலும் தனிமரமும் புகலிடமாகா. கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வருதல் வேண்டும். இடிமுழங்கும்போது கம்பத்தைத் தொடுதலும், வடத்தைக் கழற்ற முயலுதலும் உயிருக்கு ஆபத்தாம். கழற்றுவதாயின் முகில் திரளுமுன்னரே மின்செருகியையும் அன்ரெனா வடத்தையும் ரூட்டரிலிருந்து நீக்கிவிடுக.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின் தங்குவதில்லை. அவரைத் தயங்காது தொடலாம். மூச்சு நின்றிருப்பின் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்தி உயிர்ப்பு முதலுதவி செய்க. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க. பலர் இவ்வுதவியால் உயிர் மீளக்கூடியவர்.

பரிசோதனை

மழைக்கு முன் வரம்பைச் செப்பனிடுவதுபோல, பெப்ரவரி மாதத்திலும் செத்தெம்பர் மாதத்திலும் புவித்தொடுப்பைப் பரிசோதித்தல் வேண்டும். கவ்விகள் தளர்ந்துள்ளனவா, கம்பி மண்வெட்டியால் அறுபட்டுள்ளதா, துரு ஏறியுள்ளதா எனப் பார்க்க. தடையை மின்னிணைப்பாளரைக் கொண்டு அதற்குரிய மானியால் அளப்பித்து எழுதி வைத்தல் நன்று. மண் உலர்ந்துள்ள செத்தெம்பரில் எடுத்த அளவே நம்பத்தக்கது. மழைக்குப் பின் எடுத்த அளவு உண்மையிலும் குறைவாகக் காட்டும். தடுப்பான்களும் பல தாக்குதல்களுக்குப் பின் தேய்ந்து போவனவாகையால், பெரிய இடிமழைக்குப் பின் அவற்றை நோக்கி, பழுதானவற்றை மாற்றுக. வீட்டுப் பிரதான புவித்தொடுப்பில் இணைக்கும் வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. எல்லாப் புவித்தொடுப்புகளையும் ஒன்றாக இணைக்க. தனித்து நிற்கும் கோல் கருவியைக் காக்காது.
2. இறங்குகம்பி குறுகியதாகவும் நேராகவும் செல்லட்டும். சுருட்டவும் மடிக்கவும் வேண்டா.
3. கோல் ஈரமண்ணை எட்டட்டும். பாறை தடுப்பின் அகழியிற் கிடையாகக் கம்பி இடுக.
4. வடத்தின் இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்துக.
5. தொலைவிலுள்ள கட்டிடங்களை ஒளியிழையால் அல்லது கம்பியில்லா முறையால் இணைக்க.
6. கம்பத்தினருகே மாடு கட்ட வேண்டா. இடிமுழக்கத்தில் எவரும் அதனை அணுக வேண்டா.

நேரே விழும் பெரிய மின்னலின் முன் எந்த ஏற்பாடும் கருவியை முற்றாகக் காக்கும் எனக் கூறுதற்கில்லை. ஆயினும் மேற்கூறியவாறு செய்த பண்ணையில், அயலில் விழும் மின்னலாலும் மின்கம்பி வழியே வரும் மின்னாலும் நேரும் சேதம் பெரிதும் குறையும். நேரே விழும் மின்னலும் வீட்டினுட் புகாது கம்பத்தின் வழியே பெரும்பாலும் நிலத்தை அடையும். சில மீற்றர் செப்புக்கம்பியும் ஒரு நாள் வேலையும் இதற்குரிய செலவாம். முதல் இடி முழங்குமுன் இதனைச் செய்து முடித்தல் ஒவ்வொரு கமக்காரரதும் கடமையாகும்.